இருபத்தொரு கவடு

துணுக்காயிலிருந்து மாங்குளம் போகிற றோட்டில் மூன்று மைல் நடந்த பிறகுதான் செருப்பின் வார் அறுந்திருந்ததைக் கண்டேன். எறிய மனம் வரவில்லை. இரண்டு செருப்பையும் பையின் பக்கத்தில் செருகிக்கொண்டு வெறுங்காலோடு நடந்தேன். இரண்டு பஸ் என்னைக் கடந்து போயின. கை காட்டவில்லை. அக்காவின் வீட்டிலிருந்து அப்படிப் புறப்பட்ட ஒருவன் பஸ்ஸில் சாய்ந்து இருந்துகொண்டு போவது சரியாகப் படவில்லை.

அந்த மூன்று மைலும் நான் ஒரு படத்தைத்தான் திட்டிக்கொண்டு வந்தேன். அக்காவைத் திட்ட நியாயம் இல்லை. என்னைத் திட்டி எனக்குப் பழக்கம் இல்லை. மிச்சம் இருந்தது படம்.

முந்தின நாள் வவுனியாவில் பார்த்த படம் அது. அரிசி ஆலை ஒன்றில் ஆறு மாதம் மூட்டை சுமந்து, ஆலைக்காரரோடு வாய்த்தர்க்கமாகிப் பையோடு வெளியே வந்திருந்தேன். எனக்கு இது புதிதல்ல. மணல் ஏற்றியிருக்கிறேன், மேசனுக்குக் கையாளாக நின்றிருக்கிறேன், முல்லைத்தீவில் கரைவலை இழுத்திருக்கிறேன், ஓமந்தையில் ஒரு கோழிப்பண்ணையில் இருந்திருக்கிறேன். எங்கும் ஒரு வருடம் நிறைந்ததில்லை. ஒவ்வொரு வேலையும் முடிந்ததும் அக்காவிடம் போய்ச் சில நாள் சாப்பிட்டுவிட்டு அடுத்ததைத் தேடுவேன். அன்றும் துணுக்காய் பஸ்ஸுக்கு நேரம் கிடந்தது. தியேட்டர் மதிலில் பிளந்த பாறை ஒன்றின் படம் ஒட்டியிருந்தது. அதே பாறை. பெயருக்குப் பக்கத்தில் இரண்டு என்று போட்டிருந்தது. நான் உள்ளே போய்விட்டேன்.

முதலாம் பாகத்தைப் பார்த்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. வெள்ளைக்காரரின் படம், தமிழில் குரல் கொடுத்திருந்தார்கள். பாலைவனத்தில் ஒரு பாறை. பாறைக்குள் ஆழக் கிணறு. கிணற்றின் அடியில் ஒரு பெட்டி. பெட்டிக்குக் காவலாக, கையில் விளக்கோடு ஒரு கிழவி. பெட்டியை எடுக்க வருகிறவன் தான் இல்லாமல் வாழமுடியாத ஒன்றை அங்கே வைத்துவிட்டுப் போகவேண்டும் என்பது அவளுடைய விதி. கதாநாயகன் மோதிரத்தைக் கொடுப்பான், துவக்கைக் கொடுப்பான், தாய் எழுதிய கடிதத்தைக் கொடுப்பான். கிழவி ஒவ்வொரு முறையும் விளக்கைத் தூக்கி அவன் முகத்தைப் பார்த்துவிட்டு இல்லை என்று தலையாட்டுவாள். கடைசியில், வழிகாட்டியாகக் கூட வந்த நொண்டிக் கழுதைக்காரன் நான் நிற்கிறேன் என்று சொல்லி உள்ளேயே இருந்துவிடுவான். கல் மூடிவிடும். வெளியே வந்த கதாநாயகன் பெட்டியைத் திறந்து பார்ப்பான். உள்ளே என்ன என்று நமக்குக் காட்டமாட்டார்கள், அவன் முகத்தைத்தான் காட்டுவார்கள். பிறகு பிளந்த பாறையிலிருந்து மேற்கே காலை எட்டி எட்டி நாற்பது கவடு வைத்து, சத்தமாக எண்ணி, அந்த இடத்தில் பெட்டியைப் புதைத்துவிட்டுப் போவான். மணற்புயல் வந்து பாறையையே மூடும். அவ்வளவுதான்.

கிழவியை அங்கே வைத்தது யார்? அவளுடைய விளக்குக்கு எண்ணெய் எங்கிருந்து வந்தது? கழுதைக்காரன் உள்ளே எத்தனை நாள் உயிரோடு இருந்திருப்பான்? சண்டை முடிந்து முகாமில் கம்பிக்குள் இருந்த காலத்தில், தண்ணீர் வரிசையில் நின்று இவற்றைத்தான் யோசித்தேன். வேறு யோசனைகள் வராமல் இருக்க இது உதவியது. கிழவியும் முன்பொருநாள் யாருக்காகவோ உள்ளே நின்றவள், தன் இடத்துக்கு ஆள் வரும்வரை காத்திருக்கிறாள் என்று நானே ஒரு விடை வைத்திருந்தேன். இப்போதும் அது நல்ல விடை என்றுதான் நினைக்கிறேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவனுக்கு வந்த யோசனை, கோடிக் கணக்கில் கொட்டிப் படம் எடுத்தவர்களுக்கு வரவில்லை.

இரண்டாம் பாகத்தில் கிழவிக்கு அவர்கள் கொடுத்தது ஒரே ஒரு வசனம். வானத்திலிருந்து வந்தவர்கள் அவளைக் காவலுக்கு விட்டுப் போனார்களாம். யார் வந்தார்கள், ஏன் வந்தார்கள், பெட்டியை ஏன் தாங்களே கொண்டுபோகவில்லை, ஒன்றும் இல்லை. இப்போது அவளைப் போல நாற்பது பேர், எல்லோர் கையிலும் வாள். விதியைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. கதாநாயகனின் மகள் எதையும் வைக்காமல் எடுத்துக்கொண்டு போகிறாள், பாட்டு வேறு.

இதையாவது பொறுக்கலாம். புதைத்த இடத்தை அவன் கண்டுபிடித்த விதத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. மணலில் மூடிப்போன பாறை கழுவி வைத்தது போல நிற்கிறது. அவன் நேரே போகிறான், முதல் கொத்திலேயே பெட்டி வருகிறது. தூசு இல்லை, துரு இல்லை. வன்னியில் யாரையாவது கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். பொருளைப் புதைத்துவிட்டு ஓடாத வீடு எங்கள் பக்கத்தில் இல்லை. தையல் மெஷினை உரப்பையில் சுற்றிப் புதைத்தவர்கள், காணி உறுதிப் பத்திரத்தைப் போத்தலுக்குள் உருட்டிப் போட்டுப் புதைத்தவர்கள், குத்துவிளக்கு, வானொலி, சைக்கிள் கூடப் புதைத்தவர்கள் உண்டு. ஒரு மரத்தையோ கிணற்றையோ பிடித்து அங்கிருந்து கவடு வைத்து எண்ணி ஞாபகத்தில் வைப்பது வழக்கம். திரும்பி வரும்போது மரம் இருக்காது, கிணறு தூர்ந்திருக்கும். மரம் இருந்தாலும் எண்ணியவர் இருக்கமாட்டார். ஒவ்வொருவருடைய கவடும் ஒவ்வொரு நீளம். உயரமான புருஷன் எண்ணிய கவட்டைக் கட்டையான பெண்சாதி வைத்தால் வேறெங்கோ போய் நிற்பாள்.

அக்கா அதற்கும் ஒரு வழி கண்டிருந்தாள். எங்கள் பொருளைப் புதைத்தவர் அவளுடைய புருஷன், என் அத்தான். அவருடைய கவடு எவ்வளவு நீளம் என்று அவளுக்குத் தெரியும். பூவரசந்தடி ஒன்றை அந்த அளவுக்கு வெட்டி வைத்திருந்தாள். வருடத்துக்கு ஒரு தடவை, வைகாசியில், வற்றாப்பளை அம்மனின் பொங்கல் முடிந்து, சண்டைக் காலத்தில் நாங்கள் இடம்பெயர்ந்து இருந்த தர்மபுரத்துக்குப் போவாள். நிலம் கல்லாக இறுகிக் கிடக்கும் காலம். ஆனாலும் அம்மனிடம் கேட்டுவிட்டுத்தான் மண்வெட்டி பிடிப்பாள். காணிக்காரர் நல்ல மனுசன், அறுவடை முடிந்திருந்தால் தடுக்கமாட்டார். மருதமரத்தின் அடியிலிருந்து வாய்க்கால் பக்கமாக அந்தத் தடியை இருபத்தொரு தடவை நீட்டி வைத்து, முடிந்த இடத்தில் வெட்டுவாள்.

அங்கே இருப்பது பால்மா வந்த ஒரு தகரப் பேணி. அதற்குள் அக்காவின் சங்கிலியும் காணி உறுதியும் இருந்தன. அவற்றை அவள் எப்போதோ விட்டுவிட்டாள். அவள் தேடியது அதற்குள் கிடந்த அத்தானின் படத்தை. அத்தானுக்குப் படம் எடுப்பது பிடிக்காது. கலியாண அல்பம் முதல் இடப்பெயர்விலேயே போயிற்று. அடையாள அட்டை அவருடைய சட்டைப் பையோடு போனது. பேணியைப் புதைத்து மூன்று மாதம் கழித்து, கஞ்சி வரிசைக்கென்று போனவர் திரும்பவில்லை. காணாமல் போனவர்களுக்காக றோட்டோரக் கொட்டிலில் பெண்கள் தங்கள் ஆட்களின் படத்தைக் கையில் பிடித்தபடி இருப்பார்களே, அக்காவும் போய் இருப்பாள். அவள் கையில் பெயர் எழுதிய மட்டை மட்டும் இருக்கும். கமராவோடு வருகிறவர்கள் ஒவ்வொரு முகமாகப் படம் பிடித்துக்கொண்டு வந்து, அவளிடம் வந்ததும் கமராவைத் தாழ்த்திக்கொண்டு அடுத்தவரிடம் போவார்கள். நான் ஒருநாள் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

அத்தான் பேணியைப் புதைத்தபோது நான் கூட நின்றேன் என்பது அக்கா நம்பியிருந்த கதை. நான் நிற்கவில்லை. வா, கவடு எண்ண ஆள் வேண்டும் என்று அத்தான் கூப்பிட்டபோது நான் வேலிக்குப் பின்னால் ஒளிந்து நழுவிவிட்டேன். அன்று பின்னேரம் தர்மபுரத்தில் ஒருவன் சுற்றிவர உரச்சாக்குக் கட்டி, ஜெனரேட்டர் வைத்துப் படம் காட்டினான். இரவில் வெளிச்சம் காட்டமுடியாத காலம், அதனால் பகலில் காட்டினான். உள்ளே விட ஒரு போத்தல் மண்ணெண்ணெய் கேட்டான். அக்காவின் குசினியில் இருந்த போத்தலைக் கொண்டுபோனேன். அடுத்த நாள் பக்கத்தில் ஷெல் விழ, அவன் கொட்டிலைக் கழற்றிக்கொண்டு போய்விட்டான். ஒரேயொரு நாள் ஓடிய தியேட்டர் அது.

நான் திரும்பி வந்தபோது, எங்கே போனாய் என்று அக்கா கேட்க வாயெடுக்க, அத்தான் முந்திக்கொண்டு, அவன் என்னோடதான் நிண்டவன், அவனுக்கும் இடம் தெரியும் என்றார். என்னைக் காப்பாற்றச் சொன்ன ஒரு வார்த்தை. அத்தான் போன பிறகு அந்த வார்த்தை என்மேல் ஏறிக்கொண்டது. முகாமில் அக்கா கேட்டபோது, மருதமரம், இருபத்தொரு கவடு, வாய்க்கால் பக்கம் என்று சொன்னேன். முதல் வருடம் ஒன்றும் கிடைக்கவில்லை. அடுத்த வருடம், அந்த மருது இல்லை மற்ற மருது என்றேன். அதற்கடுத்த வருடம், வாய்க்காலைத் திருத்தும்போது கரையைத் தள்ளிப் போட்டுவிட்டார்கள் என்றேன். இப்படி ஒவ்வொரு வருடமும் ஒன்று. தெரியாது என்று சொல்ல முதலில் பயம். பிறகு, அவள் அதை வைத்துத்தான் எழும்பி நடக்கிறாள் என்று எனக்கே ஒரு சமாதானம். உண்மையைச் சொன்னால், வேலை இழந்து வரும்போதெல்லாம் எனக்கு அங்கே பாயும் சோறும் கிடைத்தது அக்காவின் தம்பி என்பதற்காகவா, இடம் தெரிந்த ஒரே ஆள் என்பதற்காகவா என்று எனக்கு நிச்சயம் இல்லை. பரீட்சித்துப் பார்க்கத் துணியவில்லை.

நான் புறப்பட்ட அன்று காலை அக்கா முற்றத்தில் இருந்து விதைக்கென்று கச்சான் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். நானும் இருந்து உடைத்தேன். வேலை போனதைப் பற்றிக் கேட்பாள் என்ற பயத்தில் படத்தைப் பற்றித் தொடங்கினேன்.

“வேலைதான் உனக்கு ஒரு இடத்தில சரிவராது எண்டு பாத்தா, படத்திலயும் பிழை பிடிக்கிறாய்” என்றாள்.

நான் விடவில்லை. நாற்பது கிழவிகளைப் பற்றிச் சொன்னேன். பெட்டியைத் திறந்தால் உள்ளே வெறும் வெளிச்சம் என்று சொன்னேன். கிணற்றுக்குள் மூடப்பட்ட கழுதைக்காரன் இந்தப் படத்தில் ஒரு துறைமுகத்தில் இருந்து தேத்தண்ணி குடிக்கிறான், நொண்டிய கால் மாறிப்போயிருக்கிறது என்று சொன்னேன். அதற்கு அவள் கச்சானை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

“அவன் எப்பிடி வெளியால வந்தவன்?”

“சொல்லேல்ல அக்கா. ஒருத்தரும் கேக்கவும் இல்லை.”

“அவனுக்குப் பெண்சாதி இல்லையே?”

“முதல் படத்தில இருந்தவா. ரொட்டி சுட்டுக் குடுத்து அனுப்புவா.”

“அவவும் கேக்கேல்லையோ, இவ்வளவு காலமும் எங்க இருந்தனீங்கள் எண்டு?”

“அவ இந்தப் படத்திலயே இல்லை. விட்டிட்டாங்கள்.”

அக்கா திரும்பவும் கச்சானை எடுத்தாள். “அப்ப அது கதையே இல்லை” என்றாள்.

அவளைப் பழையபடி கொண்டுவர, பெட்டி முதல் கொத்திலேயே வந்ததைச் சொன்னேன். அக்கா சிரித்தாள். அவள் சிரித்து நான் கண்டு எவ்வளவோ காலம். “முதல் கொத்திலயோ? மண்வெட்டி எந்தக் கடையில வாங்கினவனாம்? நானும் ஒண்டு வாங்கவேணும்” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எனக்கு உசார் வந்துவிட்டது. பாறையில் இருந்து நாற்பது கவடு, இரண்டாம் பாகத்தில் அவன் ஏழோ எட்டோதான் வைக்கிறான், எண்ணவும் இல்லை என்றேன்.

“நாப்பது எண்டு உனக்கு எப்பிடி இவ்வளவு காலமும் ஞாபகம்?”

“முதல் படத்தில சத்தமா எண்ணுவான் அக்கா. கொட்டிலுக்க இருந்த எல்லாரும் சேந்து எண்ணினனாங்கள்.”

“எந்தக் கொட்டில்?”

“தர்மபுரத்தில, அந்தச் சாக்குக் கட்டி…”

வாயை விட்டுவிட்டேன். மிச்சம் சொல்லத் தேவையில்லை. அக்கா இன்னும் இரண்டு கச்சானின் கோதை உடைத்துச் சுளகில் போட்டாள்.

“அது ஒருநாள்தானே ஓடினது” என்றாள். “நாங்கள் பேணி தாட்ட அண்டைக்கு.”

“ஓம்.”

“மண்ணெண்ணெய்ப் போத்திலை நீதான் எடுத்தனி?”

“ஓம்.”

“மழைக்கு விறகு ஈரம். எண்ணெய் இல்லாம அடுப்புப் பத்தேல்ல. அவரைத்தான் பேசினனான், ஆருக்குத் தூக்கிக் குடுத்தனீங்கள் எண்டு. வாயே திறக்கேல்ல அந்த மனுசன். சோறில்லாமப் படுத்தவர்.” அவள் குரல் உயரவில்லை. “இருபத்தொண்டு எண்டது?”

“படத்தில நாப்பது. நாப்பது வைச்சா வாய்க்காலுக்க போயிடும். பாதியாக்கி ஒண்டு கூட்டினனான்.”

“ஏன் ஒண்டு?”

“இருபது எண்டா பொய் மாதிரி இருக்கும்.”

அக்கா எழுந்து போய் கூரை இறப்பில் செருகியிருந்த பூவரசந்தடியை எடுத்தாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோழிக்கூட்டின் கதவு பல நாளாகச் சரிந்து கிடந்தது. தடியை அதற்கு முட்டுக் கொடுத்துவிட்டு, நிற்கிறதா என்று ஒருதரம் தள்ளிப் பார்த்தாள்.

“அவற்ற முகம் எனக்கு இப்ப சரியா வாறதில்லை” என்றாள், கூட்டைப் பார்த்தபடி. “மீசை வருது. சட்டை வருது. முகம் வருகுதில்லை. உனக்கு விளங்குதே?”

நான் மடியில் கிடந்த கோதைத் தட்டிவிட்டேன்.

“குசினிக்க புட்டுக் கிடக்கு. சாப்பிட்டிட்டுப் போ.”

சாப்பிட்டேன். வெட்கம் கெட்ட வேலைதான். ஆனால் பசித்தது, அடுத்த சாப்பாடு எங்கே என்றும் தெரியவில்லை. நான் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வந்தபோது அக்கா முற்றத்தில் இல்லை. உடைத்த கச்சான் சுளகில் இருந்தது. நான் உடைத்ததும் அவள் உடைத்ததும் ஒன்றாகக் கலந்து கிடந்தன.

மாங்குளம் வரும்வரை நான் படத்தைத் திட்டியது அதனால்தான். அவன் ஏழு கவடு வைத்து முதல் கொத்தில் எடுக்கிறான், அவனிடம் கேட்க ஆள் இல்லை. கதையின் நடுவில் ஒரு பெண்சாதியை விட்டுவிட்டுப் போகிறார்கள், அதையும் கேட்க ஆள் இல்லை. என்னுடைய கதையில் கேட்க ஒருத்தி இருந்தாள். பதினைந்து வருடத்துக்கு மேலாக அவள் என்னைச் சந்தேகித்துக் கேட்கவில்லை, அளந்தாள்.

சந்திக்கு வந்தபோது பொழுது சரிந்துவிட்டது. கால் கொப்பளித்திருந்தது. முல்லைத்தீவு பஸ் வந்தது, இந்த முறை ஏறினேன். தர்மபுரத்துக்குப் போகவேண்டும் என்று ஒரு எண்ணம் வந்தது. போய் என்ன செய்வது? அங்கே நான் ஒருநாளும் கவடு வைத்தவன் இல்லை. தண்ணீரூற்றில் இறங்கி பஸ் தரிப்பிடத்தில் படுத்தேன்.

காலையில் தேத்தண்ணிக் கடையில் ஒரு நானா வேலைக்கு ஆள் தேடிக்கொண்டு நின்றார். ஐம்பது தென்னங்கன்று வந்திருக்கிறது, குழி வெட்டவேண்டும் என்றார். தொண்ணூறில் வடக்கின் முஸ்லிம்களோடு சேர்த்து வெளியேற்றப்பட்ட குடும்பம். புத்தளத்தில் வளர்ந்து, இப்போது வந்து காடு பிடித்திருந்த காணியை வெளியாக்கியிருந்தார். வெட்டுவேன் என்றேன். காணிக்குக் கூட்டிக்கொண்டு போய் குத்திக் கிளற அலவாங்கையும் அள்ள மண்வெட்டியையும் தந்தார். முடிச்சுப் போட்ட கயிற்றை இரண்டு பேருமாக இழுத்துப் பிடித்து, முடிச்சு விழுகிற இடங்களில் குச்சி நட்டோம். குழி மூன்று அடி ஆழம், மூன்று அடி அகலம் என்றார்.

போகும்போது திரும்பி நின்றார். “தம்பி, ஏதும் தட்டுப்பட்டாக் கூப்பிடுங்கோ. வாப்பா போகேக்க ஒரு செப்புப் பானை தாட்டிட்டுப் போனவராம்.”

எந்தப் பக்கம் என்று கேட்டேன்.

“தெரியாது. நான் அப்ப உம்மாட இடுப்பில. வாப்பாவும் சொல்லாம மௌத்தாப் போயிட்டார்.”

காணியில் ஒரு பழைய கிணறு இருந்தது, இரண்டு மாமரம் இருந்தன. அவர் ஒன்றையும் கை நீட்டிக் காட்டவில்லை. குச்சி நட்ட இடத்தில் வெட்டினால் போதும் என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார். நான் முதல் குச்சியைப் பிடுங்கி வைத்துவிட்டு அலவாங்கைப் போட்டேன். நிலம் இறுகிக் கிடந்தது. அன்று பொழுதுபடும்வரை ஏழு குழி வெட்டினேன். ஒவ்வொன்றையும் அவர் சொன்னதை விட ஒரு சாண் கூடுதல் ஆழமாக வெட்டினேன்.